அந்த இடத்துத் தோல் வறட்சிக்குச் சோப்பை நிறுத்திவிட்டு வெறும் ஜெல்லி: என் அனுபவம்

ஆண்குறி மொட்டிலும் முன்தோலிலும் தோல் காய்ந்து, மெல்லிய செதிலாக உரிந்து, சிறுநீர் பட்டால் சுரீரென்று எரிகிற தொல்லை எனக்குப் பல வருடமாக வருவதும் போவதுமாக இருந்தது. இப்போது இரண்டு வருடத்துக்கும் மேலாக அது கட்டுக்குள் இருக்கிறது. இதற்கு நான் பயன்படுத்துவது வாசனை சேர்க்காத வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி, மருந்துக்கடையில் மிக மலிவாகக் கிடைக்கிற பொருட்களில் ஒன்று. ஆனால் பாதிப் பலன் ஜெல்லியால் வந்தது என்றால் மீதிப் பாதி நான் போடாமல் விட்ட பொருட்களால் வந்தது, அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். தமிழில் இதைப் பற்றித் தேடினால் ஆண்மைக்குறைவு லேகிய விளம்பரத்தில்தான் போய் நிற்கிறது. தோல் காய்வது தோல் சம்பந்தப்பட்ட விஷயம், ஆண்மையோடு அதற்கு ஒரு தொடர்பும் இல்லை.

நான் இருப்பது திருப்பூர், வேலை பனியன் கம்பெனியில். நாள் முழுக்கப் பஞ்சுத் தூசி, வியர்வை. வீட்டுக்கு வந்தால் குளிக்காமல் இருக்க முடியாது, அதனால் காலை மாலை இரண்டு வேளையும் சோப்பு நுரை வரத் தேய்த்துக் குளிப்பது, அரிப்பு வந்தால் ஒரு மூடி கிருமிநாசினியைக் குளிக்கிற தண்ணீரில் ஊற்றிக்கொள்வது, இதுதான் இங்கே பெரும்பாலான வீடுகளில் வழக்கம். எங்கள் வீட்டில் குளிக்க வருவது போர் தண்ணீர், நல்ல உப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் பசையாகிவிடும், பக்கெட்டில் ஓரமாகப் படிகிறதே, அதே பசைதான். எவ்வளவு ஊற்றினாலும் தோல் மடிப்பிலிருந்து அது முழுசாகப் போகாது. அப்புறம் காரத்தன்மை. நம் தோலின் மேல்பரப்பு லேசான அமிலத்தன்மை உள்ளது, பிஎச் சுமார் 5. சாதாரணக் குளியல் சோப்பு 9 முதல் 10 வரை. முதுகுத் தோல் அதைத் தாங்கும். மொட்டின் தோலும் முன்தோலின் உட்பக்கமும் தாங்காது, அங்கே மேல் அடுக்கு அவ்வளவு மெல்லியது.

தோல் டாக்டரிடம் போனபோது அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தது ஒன்றுதான்: அந்த இடத்தில் போடுகிற எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். கொண்டுபோய் மேஜையில் கொட்டினேன். சோப்பு, கிருமிநாசினி பாட்டில், குளுகுளு பவுடர், கேலமைன் லோஷன், கற்றாழை ஜெல், அடி நசுங்கிய ஒரு ட்யூப். அவர் ட்யூபைத்தான் முதலில் எடுத்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தில் விரலை வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்தார்: கிளோபெட்டாசோல், ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினஃபின். பிறகு உரிந்த இடத்தில் லேசாகச் சுரண்டி ஒரு கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டுவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பூஞ்சை இல்லை. சர்க்கரைக்கும் ரத்தம் எடுத்தார்கள், அதுவும் சரியாக இருந்தது. "இதுல எதையுமே இனித் தொட வேண்டாங்க. வெறும் தண்ணில கழுவுங்க, தொட்டு ஒத்துங்க, இந்த ஜெல்லியக் கொஞ்சம் தடவுங்க. ஒரு மாசம் பொறுங்க" என்றார். முதல் சில நாளுக்கு மட்டும் வீரியம் குறைந்த ஸ்டீராய்டு களிம்பான ஒரு சதவீத ஹைட்ரோகார்டிசோன் எழுதிக் கொடுத்து, அது தீர்ந்ததும் மறுபடி வாங்கக் கூடாது என்று சீட்டிலேயே எழுதிவிட்டார்.

இது ஏதோ ஒரு டாக்டரின் தனிக் கருத்து என்று நினைக்க வேண்டாம். 1993ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், மொட்டு அழற்சி திரும்பத் திரும்ப வந்த 43 ஆண்களைப் பார்த்ததில் 31 பேருக்கு அது தோலை உறுத்தும் பொருட்களால் வந்த வெறும் எரிச்சல் அழற்சி. மற்றவர்களைவிட அவர்கள் அதிகமாகச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சோப்பைக் குறைத்து ஈரப்பத கிரீம் தடவியதே அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் போதுமானதாக இருந்தது. அந்த இடத்தில் அரிப்பு என்றாலே அழுக்கு என்று நம் மனதில் பதிந்துவிட்டது, அழுக்கு என்று நினைப்பவர் இன்னும் தேய்க்கிறார், தேய்க்கத் தேய்க்க இன்னும் காய்கிறது. இந்தச் சுழலில் எத்தனை பேர் வாயைத் திறக்காமல் கிடக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, எப்படிப் பயன்படுத்துகிறேன் என்று சொல்கிறேன். தினம் ஒருமுறை, வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில், முன்தோலை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக் கழுவுவேன். குடிக்கிற நல்ல தண்ணீரில் ஒரு சொம்பு இதற்கென்று தனியாக எடுத்து வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. மென்மையான பழைய பருத்தித் துணியால் ஒத்தி எடுத்து, லேசான ஈரம் இருக்கும்போதே ஒரு அரிசி மணி அளவு ஜெல்லியை விரல் நுனியில் எடுத்துப் படலமாகத் தடவுவேன். தடவியதும் முன்தோலை மறக்காமல் முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும். பின்னால் இழுத்தபடியே விட்டால் இறுகி வீங்கிவிடும், பிறகு அவசரமாக மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கும். அளவு ரொம்ப முக்கியம். நிறையத் தடவினால் வெயில் காலத்தில் வியர்வையோடு சேர்ந்து பிசுபிசுவென்று ஒட்டும், ஜட்டியில் கறை விழும், எரிச்சல் குறைவதற்குப் பதில் புழுக்கம்தான் மிஞ்சும். எரிச்சல் முதல் வாரத்திலேயே இறங்கிவிட்டது, தோல் உரிவது நிற்கத்தான் ஒரு மாதம் போல ஆனது. மேல்தோல் முழுசாகப் புதுப்பித்துக்கொள்ளக் கிட்டத்தட்ட நான்கு வாரம் எடுக்கும் என்பதால் அதற்குள் பொறுமையிழந்து வேறு ட்யூபுக்கு ஓடக் கூடாது.

ஜெல்லி தோலுக்கு ஈரத்தைக் கொடுப்பதில்லை, இருக்கிற ஈரம் ஆவியாகிப் போகாமல் மேலே மூடி நிற்கிறது. அதனால்தான் ஈரத்தின் மேல் தடவ வேண்டும், காய்ந்த பிறகு தடவினால் பாதிப் பயன்தான். இடம் மாறினால் பொருளும் மாறும். தொடை இடுக்கில் ஜெல்லி எனக்குச் சரிவரவில்லை, அங்கே காற்றே போகாது. அங்கே செராமைடு (தோலில் இயல்பாகவே இருக்கிற ஒருவகைக் கொழுப்பு) கலந்த, வாசனை இல்லாத லோஷனை மெல்லிசாகத் தடவிக்கொள்கிறேன், விலை அதிகம்தான், ஆனால் ஒட்டாது. தொடையும் தொடையும் உரசிப் புண்ணாகும் நாட்களில் துத்தநாக ஆக்சைடு களிம்பு அருமையாக வேலை செய்கிறது, குழந்தைகளுக்குப் போடுவார்களே அதுதான். தேங்காய் எண்ணெய் விதைப்பைக்கும் தொடைக்கும் பரவாயில்லை, மார்கழி, தை மாதக் குளிரில் நானே தடவியிருக்கிறேன், ஆனால் சீக்கிரம் வழிந்து போய்விடும். கேலமைன் லோஷன் ஏற்கெனவே காய்ந்த தோலை மேலும் காய வைக்கும். குளுகுளு பவுடரில் இருக்கிற மென்தால் குளிர்ச்சியாக இருப்பது போலக் காட்டிவிட்டு எரியும், பவுடர் வியர்வையில் உருண்டு மணல் மாதிரி அறுக்கும். கடையில் விற்கிற கற்றாழை ஜெல் பலவற்றில் வாசனையும் ஆல்கஹாலும் உண்டு. வேப்பிலைத் தண்ணீர், எலுமிச்சை, படிகாரம், வினிகர் எதுவும் அந்த இடத்துக்கு வேண்டவே வேண்டாம். பாதவெடிப்புக்குப் போடுகிற யூரியா கிரீமைக் கொண்டுபோய் அங்கே தடவாதீர்கள், உயிர் போகிற மாதிரி எரியும்.

அந்த நசுங்கின ட்யூபைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மருந்துக்கடையில் போய் "அங்க அரிக்குதுங்க" என்று மெல்லிய குரலில் சொன்னால் கேள்வி கேட்காமல் கையில் வருவது இந்தக் கலவைதான்: வீரியமான ஸ்டீராய்டு ஒன்று, பூஞ்சை மருந்து ஒன்று, பாக்டீரியா மருந்து ஒன்று. ஸ்டீராய்டு இருப்பதால் இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், அதனால் எல்லாரும் நல்ல மருந்து என்று நம்பிவிடுகிறார்கள். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பும், மறுபடி தடவுவார்கள். 1967ல் ஃபெல்ட்மன், மைபாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஹைட்ரோகார்டிசோன் உடம்பின் எந்தப் பகுதித் தோல் வழியாக எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையின் உட்புறத்தைவிட விதைப்பைத் தோல் 42 மடங்கு உறிஞ்சியது. கையில் தடவினால் ஒன்றும் ஆகாத மருந்து அங்கே எவ்வளவு வேலை செய்யும் என்று பாருங்கள். தோல் மெலிந்து, தொடை இடுக்கில் பிரசவத் தழும்பு போலக் கோடு கோடாக விழும், அது பிறகு மறையவே மறையாது. விதைப்பை செக்கச்செவேல் என்று சிவந்து எரிந்துகொண்டே இருக்கிற நிலைக்கும் சிலர் போய்விடுகிறார்கள். இருப்பது படர்தாமரை என்றால் ஸ்டீராய்டு சிவப்பை மறைத்துவிட்டு உள்ளே பூஞ்சையை வளர விடும். இந்தியாவில் இப்போது வழக்கமான மருந்துக்கு அடங்காத படர்தாமரை பரவுவதற்கு இந்தக் கலவைக் களிம்புகளும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், அந்தப் பூஞ்சைக்கே டிரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று நம் நாட்டின் பெயர் சேர்த்து வைத்துவிட்டார்கள். 2018ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மேற்பூச்சுகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று விதியை இறுக்கியது. கடையில் நடப்பது உங்களுக்கே தெரியும்.

வாங்கும் முன் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். கிளோபெட்டாசோல், பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன், மோமெட்டாசோன் என்று ஏதாவது ஸ்டீராய்டு பெயர் இருந்தால் டாக்டர் சொல்லாமல் அந்த இடத்துக்கு வேண்டாம். கிளோட்ரிமசோல் வேறு, அது வெறும் பூஞ்சை மருந்து, பெயர் ஒரே மாதிரி இருப்பதால் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஜட்டி பற்றி எனக்கு என் தொழிலே சொல்லிக் கொடுத்தது நிறைய. நல்ல காம்பிங் செய்த (குட்டை இழைகளைச் சீவி நீக்கிய) பருத்தி நூலில் ஓட்டிய துணி, தொடைப்பக்கம் எலாஸ்டிக் இல்லாத டிரங்க், தையல் ஃப்ளாட்லாக் அடித்து உட்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். ஓவர்லாக் மட்டும் அடித்து விட்ட மலிவு பீஸில் உள்ளே ஒரு வரப்பு போலத் தையல் நிற்கும், அதைக் கவட்டியில் வைத்து நாள் முழுக்க நடந்தால் தோல் என்னத்துக்கு ஆகும். புது ஜட்டியைத் துவைக்காமல் போடவே கூடாது, துணி பிராசசிங் முடிந்து வரும்போது சாஃப்ட்னர் ஏறித்தான் வருகிறது. கறுப்பு, கருநீலம் என்றால் இரண்டு மூன்று தண்ணீர் அலசின பிறகு போடுங்கள். துவைக்கிற பவுடரைக் குறைத்து, ஒரு அலசு கூடுதலாக அலசி, வெயிலில் காயப் போடுவது வீட்டில் எல்லாருக்குமே நல்லது. இரவில் வேட்டியோ கைலியோ போதும், உள்ளே ஒன்றும் வேண்டாம்.

எல்லா வறட்சியும் என் மாதிரி சோப்பினால் வருவதில்லை. முன்தோல் நுனியில் சின்னச் சின்ன வெடிப்பு விட்டு, வெள்ளைத் தயிர் மாதிரி படிந்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள், பலருக்குச் சர்க்கரை நோய் இப்படித்தான் முதன்முதலில் தெரியவருகிறது. ஏற்கெனவே சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீரில் சர்க்கரை இறங்குவதால் அங்கே பூஞ்சை வரும் வாய்ப்பு அதிகம். இந்தியாவில் டாபாக்ளிஃப்ளோசினின் முதல் காப்புரிமை 2020ல் முடிந்து விலை இறங்கிய பிறகு அதைச் சாப்பிடுகிறவர்கள் அதிகம், ஆனால் இந்த விஷயத்தை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். வெள்ளைத் திட்டு விழுந்து முன்தோல் இறுகிக்கொண்டே போவது, ஆறாத புண், கட்டி, ரத்தம், ராத்திரியில் வீட்டில் எல்லாருக்கும் அரிப்பு, புது உறவுக்குப் பின் வந்த புண், இவற்றுக்கு ஜெல்லி தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. வலியும் வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

தம்பதிகள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பெட்ரோலியம் ஜெல்லியும் தேங்காய் எண்ணெயும் லேட்டக்ஸ் ஆணுறையை நலியச் செய்து கிழித்துவிடும். ஆணுறை போடுகிற நாளில் ஜெல்லி வேண்டாம், வழவழப்புக்கு நீர் அடிப்படையிலான ஜெல் வாங்கிக்கொள்ளுங்கள், வாசனையும் சுவையும் சேர்க்காததாக.

அரசு மருத்துவமனையில் போர்டில் "தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவு" என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் நிறையப் பேர். படை, சொரி, பரு, முடி உதிர்வு என்று எல்லாவற்றுக்கும் வருகிறவர்கள் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள், இரண்டையும் பார்ப்பது ஒரே படிப்பு படித்த ஒரே டாக்டர். பெண் டாக்டர் இருந்து உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் ஆண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். போகும் முன் சில நாள் எந்தக் களிம்பும் தடவாமல் போங்கள், பூஞ்சை இருந்தால் சோதனையில் தெரிய அது உதவும். வீட்டில் இருக்கிற ட்யூப், பவுடர், சோப்பு எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.