ஹைலக்ஸின் டிம் லைட்: பதினொரு வருஷ அனுபவம்

1992 மொடல் ஹைலக்ஸ் டபுள் கெப், நாலு வீல் ட்ரைவ், 2.8 லீற்றர் டீசல். பதினொரு வருஷமாக என்னிடம் ஓடுகிறது. திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்து வயல் வரம்பு, குச்சவெளிக் கடற்கரை மணல், மாரிச் சேறு என்று எங்கே விட்டாலும் எஞ்சின் கைவிட்டதில்லை. கைவிட்டது ஹெட்லைட் வெளிச்சம்தான்.

நிலாவெளி ரோட்டில் இரவில் ஓடியவர்களுக்குத் தெரியும், மழை நாளில் மாடுகள் ஈரத் தரையை விட்டுத் தார் ரோட்டில் வந்து படுத்துவிடும். கறுத்த மாடு, நனைந்த ரோடு. 2019 மார்கழியில் சாம்பல்தீவு தாண்டி வரும்போது எதிரே வந்த பஸ்ஸுக்காக டிம், அதாவது தாழ்ந்த வெளிச்சம் போட்டேன். இரண்டு பக்கமும் ஒரேயடியாக இருட்டு. ஹை, அதாவது தூர வெளிச்சம் மட்டும் எரிந்தது. அன்றிரவு நெஞ்சு படபடக்க ஊர்ந்துதான் வீடு சேர்ந்தேன்.

மறுநாள் ஒரு கராஜில் பல்பின் ப்ளக்கைக் கழற்றி டெஸ்ட் லாம்ப் பிடித்த தம்பி, "அண்ணை, ஏர்த் வர வேண்டிய வயரில கரண்ட் வருது. முழு வயரிங்கும் மாத்தோணும்" என்றார். அவர் கண்டது உண்மை, அது பிழையில்லை. இந்தக் கால ஹைலக்ஸில் பொசிட்டிவ் நேரே பல்பில் டிம்முக்கும் ஹைக்கும் பொதுவான முனைக்கு வருகிறது. டிம், ஹை மாற்றும் சுவிச் நெகட்டிவ், அதாவது ஏர்த் பக்கத்தில் வேலை செய்கிறது. அமைப்பே அப்படி. இது தெரியாமல் நல்ல வயரிங்கைக் கலைத்துவிடாதீர்கள்.

வீட்டில் வந்து யோசித்தேன். ஹை எரிகிறதென்றால் பியூஸும் பொசிட்டிவும் சரி. இரண்டு பல்பிலும் டிம் இழை ஒரே நேரத்தில் போவது அபூர்வம். மிஞ்சுவது சுவிச்சுக்குப் போகும் டிம் வழி. ஸ்டியரிங் கவரைக் கழற்றினேன். வெள்ளை ப்ளக்கில் ஒரு முனையைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் தேன் நிறத்தில் உருகியிருந்தது. விரல் பட்டதும் பொடிந்தது. முந்தின சொந்தக்காரர் போட்ட 100/90 பல்புகள்தான் (ஹை 100, டிம் 90 வாற்ஸ்) காரணம். இரண்டு பல்புக்கும் சேர்த்து டிம்முக்கே 180 வாற்ஸ், 12 வோல்ற்றில் 15 அம்பியர். 60/55 பல்ப் என்றால் 9 அம்பியர் அளவில் நின்றிருக்கும்.

முனையை மாற்றி, 60/55 போட்டபின் டிம் வந்தது. ஆனால் மஞ்சளாக, விளக்குத் திரி போல. எஞ்சின் ஓட, பல்ப் எரிய மீற்றர் வைத்தேன்: பற்றரியில் 13.9 வோல்ற், பல்ப் முனைகளுக்கிடையில் 11.4. எரியும்போதே அளக்க வேண்டும். ப்ளக்கைக் கழற்றி அளந்தால், வயரில் ஒரேயொரு இழை மிஞ்சியிருந்தாலும் முழு வோல்ற்றும் காட்டி ஏமாற்றும். ஹலோஜன் பல்பில் வோல்ற் பத்து வீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது வீதம் போய்விடும். எனக்குப் பாதிதான் வந்துகொண்டிருந்தது.

பற்றரிக்குப் பக்கத்து வயரின் உறையைச் சீவினேன். பச்சைத் தூளும் கறுத்த செம்பும். இன்னும் ஒரு அங்குலம் சீவினேன், அதுவும் கறுப்பு. நாலாவது அங்குலத்தில்தான் செம்பு மின்னியது. உப்புக் காற்று உறைக்குள்ளேயே ஊர்ந்து போயிருக்கிறது.

அதனால் பற்றரியிலிருந்து பியூஸ் வைத்துத் தடித்த வயர் இழுத்து, டிம்முக்கு ஒன்று, ஹைக்கு ஒன்றாக இரண்டு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிச்) போட்டேன். பழைய வயர் இப்போது ரிலேயை இழுக்க மட்டும்தான்; சுவிச்சில் அரை அம்பியர்கூடப் போவதில்லை. பல்புக்குப் புதிதாக ஏர்த்தும் கொடுத்தேன். மீற்றர் 13.5 காட்டியது. அன்றிரவு நிலாவெளி ரோட்டில் மாட்டின் கண் தூரத்திலேயே மின்னியபோது வந்த நிம்மதி பெரிது.

இடையில் எல்இடி பல்பும் போட்டுப் பார்த்தேன். எதிரே வந்த ஓட்டோக்காரர் கையால் கண்ணை மறைத்ததைக் கண்டதும் கழற்றிவிட்டேன். ஹலோஜனுக்குச் செய்த, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஹெட்லைட் கிண்ணத்தில் அந்த வெளிச்சம் கண்டபடி சிதறுகிறது.

ஒவ்வொரு ஐப்பசியிலும் மழைக்கு முன் ரிலே முனைகளைக் கழற்றித் துடைத்து வசிலின் பூசுகிறேன். ஐந்து மாரி தாண்டியும் டிம் ஒருநாளும் நின்றதில்லை. இடது பக்கக் கிண்ணத்தில் மட்டும் வெள்ளிப் பூச்சு உரியத் தொடங்கியிருக்கிறது. அடுத்த மாரிக்குள் அதை மாற்ற வேண்டும்.