கம்ப்யூட்டர் பிராசசர் மாற்றுவோருக்கு எச்சரிக்கை: "1200 சாக்கெட்தான், கண்ண மூடிட்டு போடலாம்" என்று சொன்னால் நம்பாதீர்கள்

விழுப்புரத்தில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்வது என் தொழில். என் கம்ப்யூட்டரில் இன்டெல் ஐ3-10100 பிராசசர், எச்410 மதர்போர்டு (போர்டு). ஃபோட்டோஷாப்பில் பெரிய ஆல்பத்தைத் திறந்தால் திணறும். ஆவணி முகூர்த்த வேலைகள் குவிவதற்குள் பிராசசரை மட்டும் மாற்றிவிடலாம் என்று கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன்.

கடையில் போர்டு மாடலைக் காட்டித்தான் கேட்டேன். "அண்ணா, உங்க போர்டும் 1200 சாக்கெட், இதுவும் 1200 சாக்கெட். கண்ண மூடிட்டு போடலாம்" என்று ஐ5-11400 பிராசசரைக் கொடுத்தார்கள். (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்தான் சாக்கெட்; 1200 அதன் வகை.) 14,200 ரூபாய். ஜிஎஸ்டி பில் என்றால் 18 சதவீதம் மேலே ஆகும் என்றார்கள். பில் இல்லாமல் வெறும் எஸ்டிமேட் சீட்டோடு வந்துவிட்டேன்.

வீட்டில் மாட்டினால் ஃபேன் சுத்துகிறது, டிஸ்ப்ளே இல்லை. ரேமைக் கழற்றித் துடைத்துப் போட்டேன், பயாஸ் (கம்ப்யூட்டரைக் கிளப்பும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) பேட்டரியைக் கழற்றிப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு மறுபடி ரயில். பயாஸ் அப்டேட் என்று 500 ரூபாய் வாங்கினார்கள். ஒரு மணி நேரம் கழித்து, "உங்க போர்டு போயிடுச்சு சார், புதுசு போட்டுடுங்க" என்று 6,300 ரூபாய்க்கு ஒரு பி460 போர்டைத் தலையில் கட்டினார்கள். கூட்டமாக இருக்கிறது, வீட்டில் ஆன் பண்ணிக்கொள்ளுங்கள் என்றார்கள். பெட்டி பிரித்தபோதே சாக்கெட் மேல் இருக்க வேண்டிய கறுப்பு பிளாஸ்டிக் மூடி இல்லை. கடைப்பையன் பிராசசரைச் சாய்வாக இறக்கி லீவரை அழுத்தியதை என் கண்ணால் பார்த்தேன். அதிலும் டிஸ்ப்ளே வரவில்லை.

எங்கள் ஊர் சர்வீஸ் அண்ணன்தான் உண்மையைச் சொன்னார். என் பழைய எச்410 போர்டில் ஐ3-ஐத் திரும்ப மாட்டினார், உடனே டிஸ்ப்ளே வந்தது. போர்டு போகவே இல்லை! பிறகு பி460-ன் சாக்கெட்டில் செல்போன் டார்ச் அடித்துக் காட்டினார். வரிசையாக மின்னும் பின்களுக்கு நடுவே இரண்டு மட்டும் பக்கத்துப் பின் மேல் படுத்திருந்தன.

"பின் நேரா இருந்தாலும் இது ஓடாது தம்பி" என்றார். சாக்கெட் என்பது பிராசசர் உட்காரும் இடம் மட்டும்தான்; பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் போர்டின் சிப்செட்டும் ஒத்துப்போக வேண்டும். 2020-ல் 10-ஆம் தலைமுறையோடு வந்த போர்டுகளில் எச்410, பி460 இரண்டின் சிப்செட்டும் பழைய 22 நானோமீட்டர் முறையில் செய்தவை. 2021 மார்ச்சில் வந்த 11-ஆம் தலைமுறைக்கு (நான் வாங்கிய ஐ5-11400 அந்த வகைதான்) அவற்றில் ஆதரவு இல்லை என்று இன்டெல்லே அறிவித்துவிட்டது. எந்த பயாஸ் அப்டேட்டும் அதை மாற்றாது. எச்470, இசட்490 என்றால் அப்டேட் போட்டு ஓட்டலாம். எச்510, பி560 அந்தத் தலைமுறைக்கென்றே வந்தவை.

எனக்கு ஆத்திரம் வந்தது இதற்குத்தான்: ஐ5-10400 என் பழைய போர்டிலேயே உட்கார்ந்திருக்கும். 11400 போலவே அதற்கும் ஆறு கோர்தான் (வேலை செய்யும் உள் பகுதிகள்). தினமும் இதையே விற்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்குமா?

மூன்றாவது முறை போனபோது முதலாளி போர்டைக் கையில்கூட வாங்கவில்லை. "பின் பெண்ட் ஆயிருக்கு, பிசிக்கல் டேமேஜ், வாரண்டி கிடையாது." மொத்தம் 21,000 ரூபாய்.

பிராசசர் மாற்றப்போகிறவர்கள் பணம் கட்டுமுன் விண்டோஸ் பட்டனோடு ஆர்-ஐ அழுத்தி எம்எஸ்இன்ஃபோ32 (msinfo32) என்று அடித்து போர்டின் முழுப் பெயரைப் பாருங்கள். ரிவிஷன் எண் போர்டின் ஓரத்திலேயே அச்சாகியிருக்கும். அந்தப் பெயரை வைத்து, போர்டு தயாரித்த கம்பெனியின் தளத்தில் 'சிபியு சப்போர்ட்' பட்டியலைத் திறந்து, வாங்கப்போகும் பிராசசர் இருக்கிறதா, எந்த பயாஸ் பதிப்பிலிருந்து என்று பாருங்கள். இன்டெலின் முந்தைய 1151 சாக்கெட்டிலும் இதே கண்ணி உண்டு: 6, 7-ஆம் தலைமுறைக்கான போர்டில் 8, 9 உட்காரும், ஓடாது. இன்டெலின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி-யின் பழைய பி450 போர்டில் ரைசன் 5600 பிராசசர் போட வேண்டுமென்றால், பழைய பிராசசர் மாட்டியிருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். புது போர்டு வாங்கினால் கடையிலேயே மூடியைத் திறக்கச் சொல்லி பின்களை போட்டோ எடுங்கள், டிஸ்ப்ளே வந்த பிறகு கிளம்புங்கள்.

பில்லை விடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. திருப்பிக் கொடுக்கும் கெடு பில்லில் இல்லையென்றால் 30 நாள்.

என்னிடம் இருப்பது எஸ்டிமேட் சீட்டும் யுபிஐ ரசீதும்தான். அதை வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். பி460 போர்டை, வளைந்த பின்னை நிமிர்த்தாமல், அப்படியே பெட்டியில் வைத்திருக்கிறேன்.