குழு அறைக்குக் கூடுதலாக 400 ரூபாய்: தேறுமா?

பாளையங்கோட்டையில் மாத வாடகைக்கு நாற்காலி தரும் படிப்பகம் ஒன்றில் 'குழு அறை' என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்காக மூன்று மாதமாக அங்கே போய்வருகிறேன். பெயரைப் போடவில்லை, இன்னும் அங்கேதான் உட்கார வேண்டும். தனி நாற்காலி 700 ரூபாய், குழு அறை ஆளுக்கு 1,100. அந்த 400 தேறுமா என்று கேட்கிறவர்களுக்காக இது.

தேறும். நாலு பேராக இருக்கும் வரைக்கும்.

அறை சின்னது. ஒரு மேசை, நாலு நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை, அதில் எழுத மை தீர்ந்த மார்க்கர். மின்விசிறி போடும் சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழாது. மாவட்ட மைய நூலகத்தில் காசே இல்லாமல் படிக்கலாமே என்பீர்கள், நானும் ஒரு வருடம் அங்கேதான் படித்தேன். ஆனால் அங்கே வாயைத் திறக்க முடியாது, எனக்கோ வாய்விட்டுச் சொன்னால்தான் மண்டையில் நிற்கும்.

எங்கள் குழுவில் நான், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு படிக்கும் ஒரு அக்கா, கல்லூரி முடித்த இரண்டு தம்பிகள். பத்தாம் வகுப்பு இலக்கணத்தில் வரும், பழந்தமிழர் போரைப் பற்றிய புறத்திணைகளில் நொச்சி எது, உழிஞை எது என்று எனக்கு எப்போதும் குழம்பும். பத்துத் தடவையாவது படித்திருப்பேன். ஒருநாள் அந்த அக்கா, "எங்க ஊர்ல வீட்டைச் சுத்தி நொச்சியைத்தான் வேலியா வைப்பாங்க தம்பி, வேலி வீட்டைக் காக்கும், நொச்சி மதிலைக் காக்கும், மிச்சம் இருக்கிற உழிஞை மதிலை வளைக்கிறது" என்றார். அவ்வளவுதான், அதற்கப்புறம் மறக்கவே இல்லை. இது எந்த கைடிலும் கிடைக்காது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அரசியலமைப்பில் மொழிகளைப் பட்டியலிடும் எட்டாவது அட்டவணையில் சிந்தி எந்தத் திருத்தத்தில் சேர்ந்தது என்று பேச்சு வந்தபோது ஒரு தம்பி 71 என்று அடித்துச் சொன்னான். சொன்ன தோரணையைப் பார்த்து யாரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வில் நாலு பேரும் 71 என்றே எழுதி நாலு பேரும் கோட்டைவிட்டோம். சிந்தி 1967-இல், 21-ஆவது திருத்தத்தில் வந்தது. 71 என்பது 1992, கொங்கணி, மணிப்புரி, நேபாளி. தனியாகப் படித்திருந்தால் ஒருவனோடு போயிருக்கும் தப்பு, சத்தமாகப் பேசியதால் நாலு தலைக்கும் ஏறிவிட்டது.

அதன்பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். முதலில் ஒரு மணி நேரம் யாரும் பேசுவதில்லை, அவரவர் பாடத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதுகிறோம். அப்புறம்தான் தாள்களை நடுவில் போட்டு ஒப்பிடுகிறோம், ஒத்துப்போகாத இடத்தில் புத்தகம் திறக்கப்படும், யார் எவ்வளவு அடித்துச் சொன்னாலும் சரி. இது வெறும் எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. சேர்ந்து உட்கார்ந்து நினைவுபடுத்தினால், அதே ஆட்கள் தனித்தனியாக எழுதியதைக் கூட்டிப் பார்ப்பதைவிடக் குறைவாகவே வரும் என்று உளவியல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன, ஒருவர் சொல்லிக்கொண்டே போகும் வரிசை மற்றவரின் நினைவோட்டத்தைக் கலைத்துவிடுகிறதாம். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் செய்த சோதனையிலும், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள், ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மூடிவைத்து நினைவுபடுத்தி எழுதியவர்களே முன்னால் நின்றார்கள். குரூப் 4-இல் 200 கேள்விக்கு 100 தமிழ், அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பாதியைத் திருத்தவே மாட்டார்கள். தேர்வோ மாதக்கணக்கில் தள்ளி வருகிறது, ஐந்து நிமிட நினைவை வைத்து நான் என்ன செய்வது?

இனி குறை. இரண்டாம் மாதம் எங்களைக் கேட்காமலேயே அதே அறையில் இன்னும் மூன்று பேரைப் போட்டார்கள். ஏழு பேர் ஆனதும் இருவர் பேசினார்கள், இருவர் கேட்டார்கள், மூன்று பேர் போனில் இருந்தார்கள். தாள் ஒப்பிடவே அரை மணி ஆனது. பொறுப்பாளரிடம் போய்க் கேட்டால், "கூட்டம் இருந்தாதான சார் போட்டி வரும்" என்கிறார். பத்து நாள் சண்டை போட்டுத்தான் பழையபடி நாலு பேரானோம், அந்தப் பத்து நாள் காசை யாரும் திருப்பித் தரவில்லை. ஆகவே சேரும்போதே அறைக்கு எத்தனை பேர் என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூட வரும் மூன்று பேரையும் நீங்களே தேடிக் கூட்டிப்போவது இன்னும் நல்லது.

கணக்குப் பகுதிக்கு இந்த அறை உதவவில்லை, அதை வீட்டில்தான் போட்டுப் பார்க்கிறேன். தமிழுக்கும் அரசியலமைப்புக்கும் போகலாம். அடுத்த மாதத்துக்கும் பணம் கட்டியாயிற்று, மார்க்கரை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோகிறேன்.