ஓஸ்டர்டாலனா, குட்பிரான்ஸ்டாலனா?

நார்வேயில் ஒஸ்லோவிலிருந்து ட்ரொண்ட்ஹைம் நகருக்குப் போக இரண்டு பள்ளத்தாக்குகள் வழிவிடுகின்றன. லாரிக்காரர்கள் ஓஸ்டர்டாலனை எடுக்கிறார்கள், தூரம் குறைவு. சுற்றுலாக்காரர்கள் பெரும்பாலும் குட்பிரான்ஸ்டாலன் பக்கம்.

ஓஸ்டர்டாலன் என்றால் 'கிழக்குப் பள்ளத்தாக்கு'. அவ்வளவுதான், சுவாரஸ்யமில்லாத பெயர். நடுவில் ஓடும் குளோம்மா நார்வேயின் மிக நீளமான ஆறு, சுமார் 600 கி.மீ. கரையெல்லாம் பைன் காடு. வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டு ஆலைகளுக்கு அனுப்பும் வழக்கம் 1985 வரை இருந்தது. எல்வெரும் ஊரின் காட்டு அருங்காட்சியகத்தில் அந்தத் தொழிலைப் பார்க்கலாம். இருட்டில் கார் ஓட்டினால் மூஸ் மான் குறுக்கே வரும், கவனம்.

குட்பிரான்ஸ்டாலன் ஓர் ஆளின் பெயரைத் தாங்கியது: குட்பிராண்டின் பள்ளத்தாக்கு. ஆற்றின் பெயர் லோகன்; பழைய நோர்ஸ் மொழியில் 'நீர்' என்ற பொருள் கொண்ட சொல்லிலிருந்து வந்தது. இதே பெயரில் வேறு ஆறுகளும் உண்டு என்பதால், பள்ளத்தாக்கின் பெயரை முன்னால் ஒட்டி அழைக்கிறார்கள். ஆறு பள்ளத்தாக்குக்குப் பெயர் தராமல், அதனிடமே கடன் வாங்கியிருக்கிறது! இங்கே காட்டைவிடப் பண்ணைகள்தான் கண்ணில் படும், வெயில் விழும் சரிவில் மேலே மேலே ஏறியிருக்கும். கிளைப் பள்ளத்தாக்கிலுள்ள ஷோக் என்ற பகுதியில் மழை மிகக் குறைவு. மலைநீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து பாசனம் செய்தார்கள்.

காடுதான் வேண்டும் என்றால் என் ஓட்டு ஓஸ்டர்டாலனுக்கு. அப்புறம் ஒன்று: லோகனின் நீரும் மியோசா ஏரி வழியாக வோர்மா ஆறாகிக் கடைசியில் குளோம்மாவில்தான் சேர்கிறது.