ஜாவாவில் ஜெனரிக் பில்டர்: பல வருடம் பழகியும் தீராத எரிச்சல்

"புது சர்வீஸ் ஆரம்பிக்கிறோம். ஃபேக்டரி, பில்டர் எல்லாத்தையும் ஜெனரிக்காவே போட்டுடலாமா?" என்று நண்பர் கேட்டார். ஃபேக்டரி என்றால் ஆப்ஜெக்டை உருவாக்கித் தருவது, பில்டர் என்றால் ஃபீல்டு ஃபீல்டாக நிரப்பிக் கட்டித் தருவது. ஜெனரிக் என்றால் அதை எந்த டைப்புக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே தடவை எழுதுவது. பல வருடமாக இதிலேயே உழல்பவனிடம் ஒரு வார்த்தையில் பதில் வராது.

ஃபேக்டரியில் எனக்குக் குறையில்லை. 2004-இல் ஜாவா 5 ஜெனரிக்ஸைக் கொண்டுவந்தபோது, பழைய கோடும் கூடவே ஓட வேண்டுமே என்று, கம்பைல் ஆனதும் ஜெனரிக்கின் டைப் விவரம் அழிந்துவிடுகிற மாதிரி அமைத்தார்கள். ஓடும் நேரத்தில், டைப்புக்குப் பதிலாக நிற்கும் 'டி' என்ன என்று தெரியாது, அதனால் 'நியூ டி()' எழுத முடியாது. கிளாஸ் ஆப்ஜெக்டை அனுப்பி 'நியூஇன்ஸ்டன்ஸ்' கூப்பிட்டுக் காலம் தள்ளினோம். ஆர்குமென்ட் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் அந்தக் கிளாஸில் இல்லையென்றால் கம்பைலர் வாயே திறக்காது, ஓடும்போதுதான் வெடிக்கும். 2014-இல் ஜாவா 8 வந்து, கேட்கும்போது ஒரு ஆப்ஜெக்டைத் தரும் சப்ளையர் கிடைத்தது. 'இன்வாய்ஸ்::நியூ' என்று கன்ஸ்ட்ரக்டரையே கையில் கொடுத்துவிடலாம், தப்பு இருந்தால் கம்பைலரே பிடித்துவிடும். சி ஷார்ப்காரர்கள் 'நியூ டி()' எழுத விடும் தங்கள் 'நியூ()' கட்டுப்பாட்டைக் காட்டிப் பெருமைப்படுவார்கள். ஆர்குமென்ட் கேட்கும் கன்ஸ்ட்ரக்டருக்கு அது உதவாது என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

கோபமெல்லாம் பில்டர் மேல்தான். தாய் கிளாஸின் பில்டர் மெத்தட் தாய் பில்டரைத்தான் திருப்பித் தரும். அதற்கடுத்துப் புள்ளி வைத்து அடுத்த மெத்தட்டைக் கூப்பிடப் போனால், பிள்ளை கிளாஸின் பில்டர் மெத்தட் எதுவும் தெரியாது. இதற்கு மருந்து 'பில்டர்<டி எக்ஸ்டெண்ட்ஸ் பில்டர்<டி>>', கூடவே பில்டர் தன்னையே தன் சொந்த டைப்பில் திருப்பித் தர ஒரு 'செல்ஃப்()'. வேலை செய்கிறதா? அருமையாக. ஆனால் பேரன் வந்தால் நடுவில் இருக்கும் பில்டரும் ஜெனரிக் ஆக வேண்டும். அப்புறம் நடு கிளாஸின் ஆப்ஜெக்டை உருவாக்க மட்டும் இன்னொரு தனி பில்டர்! போன வாரம் இன்வாய்ஸுக்கும் ஏற்றுமதி இன்வாய்ஸுக்கும் நடுவில் ஒரு கிளாஸைச் செருக வேண்டி வந்தது. தேவைப்பட்டது ஒரே ஒரு வரி விகித ஃபீல்டு. மாற்ற வேண்டியிருந்ததோ அந்த வரிசையில் இருந்த அத்தனை பில்டரின் தலைப்பு வரியும். நடுவே 'கேப்சர்#1 ஆஃப் ?' என்று கம்பைலரின் புரியாத பிழைச் செய்தி வேறு. கோடைத் தானே உருவாக்கித் தரும் லாம்பாக் லைப்ரரியின் 'சூப்பர்பில்டர்' இதையெல்லாம் தானே எழுதிக் கொடுக்கும், உண்மைதான். ஆனால் அது ஒன்றுக்கு இரண்டாக டைப் பாராமீட்டர் வைத்துதான் எழுதுகிறது.

நியாயமாகச் சொன்னால், நான் திட்டுகிற அதே டைப் அழிப்பால்தான் 'கலெக்ஷன்ஸ்.எம்ப்டிலிஸ்ட்()' மாதிரி ஒன்று முடிகிறது. மாற்ற முடியாத ஒரே ஒரு காலிப் பட்டியல், ஸ்ட்ரிங் கேட்டவருக்கும் இன்டிஜர் கேட்டவருக்கும் அதுவே போகிறது. என் பில்டர்களும் டைப் பிழையால் ப்ரொடக்ஷனில் ஒருநாளும் காலை வாரியதில்லை.

சரி, நண்பரிடம் என்ன சொன்னேன்? பில்டருக்கு ஜெனரிக் வேண்டவே வேண்டாம் என்றேன். ஃபேக்டரிக்கு சப்ளையர் போதும். பொது ஃபீல்டுகளைத் தனி ஆப்ஜெக்டாக்கி உள்ளே வைத்தால், இன்ஹெரிட்டன்ஸே இல்லாமல் சாதாரண பில்டர் வேலையை முடித்துவிடும். "உங்கள் பழைய கோடையும் அப்படி மாற்றுவீர்களா?" என்று கேட்டார். அதில் மறுபடி கை வைக்க இப்போதைக்குப் பொறுமை இல்லை.