நாகை – காங்கேசன்துறை கப்பல்: நான்கு மணி நேரமும் இரு கரைத் தலைவர்களும்

நாகப்பட்டினத்துக்கும் இலங்கையில் யாழ்ப்பாணத்தை அடுத்த காங்கேசன்துறைக்கும் இடையே ஏறத்தாழ 110 கிலோமீட்டர் கடல் இருக்கிறது. அலை குறைவாக இருந்தால் அதை நான்கு மணி நேரத்தில் கடந்துவிடலாம். 2023 அக்டோபரில் தொடங்கிய ‘செரியபாணி’ கப்பல் சில நாள்கள் ஓடிப் பருவமழைக்காக நின்றுவிட, 2024 ஆகஸ்டிலிருந்து 150 பேர் அமரக்கூடிய ‘சிவகங்கை’ இத்தடத்தில் ஓடத் தொடங்கியது. இருக்கைகள் போதுமான வசதியோடு இருக்கின்றன. ஆனால் இந்தச் சேவையைப் பற்றி நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது, இரு கரைத் தமிழர்களும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, ஒருவர் தேர்ந்தெடுத்த தலைவரைப் பற்றி மற்றவர் வாதிடுவதற்கு இதைப்போல் வாய்ப்பான இடம் வேறெதுவும் இப்போது இல்லை என்பதையே.

நம் பக்கத்துப் பயணிகள் பெரும்பாலும் கச்சத்தீவில் தொடங்குகிறார்கள். 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை 2024 மக்களவைத் தேர்தலின்போது பிரதமர் மோடி காங்கிரசுக்கும் தி.மு.க.வுக்கும் எதிராக எழுப்பினார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 2-ஆம் தேதி, பிரதமர் கொழும்புக்குப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னதாக, முதலமைச்சர் ஸ்டாலின் தீவை மீட்கக் கோரும் தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார். யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்கட தேர்தல் வந்தால்தானே தம்பி, அந்தத் தீவு உங்களுக்கு ஞாபகம் வருது” என்றார். 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி ஜனாதிபதி அநுரகுமார திசாநாயக்க கச்சத்தீவுக்கு நேரில் சென்றதை நாகைக்காரர் சீண்டலாகப் பார்த்தார். பெரியவரோ, வடக்குக் கடலுக்கு ஒரு ஜனாதிபதி வந்து பார்த்ததாகவே அதை எடுத்துக்கொண்டார்.

மீன்பிடி விவகாரத்தில் வாதம் இன்னும் கூர்மையாகிறது. இலங்கைக் கடற்படையின் கைதுகளுக்கு அநுர பதில் சொல்ல வேண்டும் என்று நாம் கேட்கிறோம். கடலடியை வாரிச் செல்லும் வலையான இழுவைமடியை 2017-லேயே சட்டத்தால் தடைசெய்த நாட்டில், இரவோடு இரவாகத் தங்கள் வலைகளை அறுத்துச் செல்லும் தமிழ்நாட்டு விசைப்படகுகளைத் தடுக்காத ஜனாதிபதி எதற்கு என்று அவர்கள் கேட்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் யாழ்ப்பாணத்தார் பக்கமே நியாயம் கூடுதல் என்பது என் உறுதியான கருத்து. சிறையிலிருக்கும் நம் மீனவர்களுக்காகப் பேசுவதை அது எவ்விதத்திலும் குறைக்காது.

நாகைப் பயணிகளுக்கு விளங்காமல் இருப்பது 2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தல் முடிவு. 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதம் எடுத்த, வடக்கு, கிழக்கு மாகாணங்களின் இணைப்பை 2006-இல் நீதிமன்றத்தின் வழியாகப் பிரிக்கவைத்த ஜே.வி.பி. (ஜனதா விமுக்தி பெரமுன) கட்சியின் தலைவரான அநுரவின் கூட்டணிக்கு, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்று எப்படிக் கிடைத்தது என்று அவர்கள் வியக்கிறார்கள். கிடைக்கும் விடைகள் ஒன்றுக்கொன்று முரணானவை. தமிழ்க் கட்சிகள் தங்களுக்குள் அடித்துக்கொண்டதில் சலித்துப்போய் வாக்களித்ததாக ஒருவர் சொன்னார். வாக்களிக்காத இன்னொருவர், வட மாகாண சபைக்கு 2013-இல் தேர்தல் நடந்ததையும், 2018-இல் அதன் காலம் முடிந்த பின் எந்த அரசும் மீண்டும் தேர்தல் நடத்தாததையும் எடுத்துக்காட்டி, ஐந்தாண்டுக்கொரு முறை முதல்வரைத் தேர்ந்தெடுக்கும் தமிழ்நாட்டினரான நம்மால் அந்த இழப்பை உணரவே முடியாது என்று வருத்தத்தோடு கூறினார். அவரே, மாகாண சபைத் தேர்தலை நடத்துமாறு கொழும்பில் வலியுறுத்திய மோடிமீது நம்பிக்கை வைத்திருப்பதாகச் சொன்னபோது, மோடியைக் கடுமையாக விமர்சித்துக்கொண்டிருந்த நம் பக்கத்து இளைஞர் திகைத்துப்போனார். தனக்கு வேண்டாத தலைவர் அடுத்த கரையில் ஒருவருக்கு நம்பிக்கையாக இருப்பதை நேர்முகமாகக் கேட்பது, தொலைக்காட்சி விவாதம் எதுவும் தராத பயன்.

இதற்குக் கப்பல் மூன்று வகையில் உதவுகிறது. கரை மறைந்ததும் கைப்பேசிக்கு இணைப்பு இருக்காது. ஆகவே யாரும் காணொளியை எடுத்துக் காட்டி வாதத்தை முடித்துவிட முடியாது, தெரிந்ததைச் சொல்லி விளக்கியாக வேண்டும். கோபித்து எழுந்து போகவும் இடமில்லை. மேலும், நான்கு மணி நேரம் என்பது முதல் மணி நேரத்துச் சூடு தணிந்து, பிள்ளைகளின் படிப்பையும் அரிசி விலையையும் பேசிவிட்டு, மறுபடி அரசியலுக்கு நிதானமாகத் திரும்பப் போதுமான நேரம்.

குறையென்றால் முக்கியமானது கட்டணம். 2024-இல் சாதாரண இருக்கைக்கு ஒருவழிக் கட்டணம் 5,000 ரூபாய் அளவில் வைக்கப்பட்டது. இந்த வாதத்தில் யாருடைய பிழைப்பு பேசப்படுகிறதோ, அந்தக் கோடியக்கரை மீனவரும் பருத்தித்துறைக் கடற்றொழிலாளியும் இந்த இருக்கைகளில் அமர முடியாது. 2025 மார்ச்சில் இரு கரை மீனவப் பிரதிநிதிகளும் வவுனியாவில் சந்தித்துப் பேசினார்கள். அத்தகைய சந்திப்புகளுக்கென ஒவ்வொரு பயணத்திலும் சில இருக்கைகளைச் சலுகை விலையில் ஒதுக்க இரு அரசுகளும் முன்வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

நேரம் மட்டுமே முக்கியம் என்போருக்குச் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு விமானம் இருக்கிறது. கப்பலைத் தேர்ந்தெடுப்போர் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான பருவமழைக் காலத்தைத் தவிர்த்து, மற்ற மாதங்களிலும் புறப்படும் முன் பயணம் உண்டா என்று உறுதிசெய்துகொள்வது நல்லது.