செம்பா, அலுமினியமா? வன்னிக்கு ஏற்ற கார் ரேடியேற்றர்

விலை: அலுமினிய உடலும் பிளாஸ்டிக் தொட்டியும் கொண்டது மலிவு. செம்பு, பித்தளையில் செய்தது விலையும் கூட, பாரமும் கூட.

பழுது: செம்பில் ஒழுக்கு வந்தால் ஈயம் பற்றவைத்து அடைத்துவிடலாம். பிளாஸ்டிக் தொட்டி வெடித்தால் பெரும்பாலும் புதிதுதான் வாங்க வேண்டும்.

தண்ணீர்: பலர் கோட்டைவிடுவது இங்கேதான். வன்னியில் பல கிணறுகளின் நீர் சுண்ணாம்பு மிகுந்தது. இயந்திரம் நன்றாக ஆறியபின் மூடியைத் திறந்து பாருங்கள். அந்த நீரை ஊற்றியிருந்தால், கழுத்தோரம் வெள்ளையாகப் படிந்திருக்கும். குழாய்களை அடைப்பதும் அதே படிவுதான். எந்த வகை ரேடியேற்றரானாலும், இயந்திரத்தைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டையும் காய்ச்சி வடித்த நீரையும் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள்.

கிறவல் வீதியில் அடிபடும் பழைய காருக்குச் செம்பு. ஏ9 வீதியில் ஓடும் புதிய காருக்கு அலுமினியம் போதும்; தானாக மாறும் ஓட்டோ கியர் கார் என்றால், கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய்க்கான இணைப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.